பூமி உண்மையிலேயே விசில் அடிக்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "பூமியின் பாட்டு என்ற பெயரில் சில ஒலிப்பதிவுகள் இணையத்தில் சுற்றுகின்றன. சிலது பறவைக் கூச்சல் போல இருக்கிறது, சிலது மேலிருந்து கீழே இறங்கும் விசில் போல இருக்கிறது. விண்வெளியில் காற்றே கிடையாதே, ஒலி எப்படி வரும்? இது கம்ப்யூட்டரில் செய்ததா? உண்மை என்றால் அதை எழுப்புவது எது? நாமே கேட்க முடியுமா?"

உண்மைதான், நாமே கேட்கவும் முடியும். ஆனால் "ஒலி" என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். மேலிருந்து வருவது ஒலி அல்ல, ரேடியோ அலை. அதற்குக் காற்று தேவையில்லை. அதை அப்படியே கேட்க முடிவதற்குக் காரணம், அந்த அலையின் அதிர்வெண் நம் காது கேட்கும் எல்லைக்குள்ளேயே இருப்பதுதான்.

நம் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுகள் வரை கேட்கும். எஃப்.எம். வானொலி அலை நொடிக்குப் பத்துக் கோடி தடவை அதிர்கிறது. அதிலிருந்து பாட்டைப் பிரித்தெடுக்க ரேடியோவுக்குள் பெரிய வேலை நடக்க வேண்டும். வி.எல்.எஃப் எனப்படும் மிகத் தாழ் அதிர்வெண் அலைகளோ 3 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரைதான். அதற்கும் கீழே சில நூறு ஹெர்ட்ஸ் வரை இயற்கையான அலைகள் இருக்கின்றன. நொடிக்கு 3,000 தடவை அதிரும் ரேடியோ அலையை ஆண்டெனாவில் பிடித்து, ஆம்ப்ளிஃபயரில் பெருக்கி, ஹெட்ஃபோனில் கொடுத்தால், ஹெட்ஃபோனின் சவ்வும் நொடிக்கு 3,000 தடவை அதிரும். அவ்வளவுதான். ட்யூனர் வேண்டாம், வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். வியாழன், சனி கிரகங்களின் "ஒலி" என்று வரும் சில பதிவுகளில் அதிர்வெண்ணை இறக்கியும் காலத்தைச் சுருக்கியும் காதுக்கு ஏற்றபடி மாற்றியிருப்பார்கள். பூமியின் விசிலுக்கும், பறவைக் கூச்சல் போன்ற கோரஸுக்கும் அந்த வேலையே தேவையில்லை. எனக்கு இந்தத் துறையில் தீராத ஈர்ப்பு வந்ததே இதனால்தான். இடையில் யாரும் மொழிபெயர்க்காமல், விண்வெளி நேராகக் காதில் விழுகிறது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 7.83 ஹெர்ட்ஸ் "பூமியின் இதயத்துடிப்பு" என்று பரப்பப்படுவது வேறு சங்கதி. அது ஷூமான் ஒத்ததிர்வு. தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் (வளிமண்டலத்தின் மேலே மின்னூட்டத் துகள்கள் நிறைந்த அடுக்கு) நடுவே மின்னல்கள் எழுப்பும் அதிர்வு அது, காதுக்கு எட்டாத அளவு தாழ்ந்தது. பூமியின் காந்தப்புலம் ஆளும் விண்வெளிப் பகுதியான காந்தக்கோளத்தில் பிறக்கும் ஒலிகளோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, எங்கிருந்து வருகின்றன? பாதிக் கதை மின்னலில் தொடங்குகிறது.

உலகம் முழுவதும் சேர்த்து நொடிக்குச் சராசரியாக நாற்பத்தைந்து மின்னல்கள் வெட்டுகின்றன. ஒவ்வொன்றும் பல கிலோமீட்டர் நீளமுள்ள ஆண்டெனாவில் திடீரென்று ஆயிரக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் பாய்வதற்குச் சமம். அதில் பிறக்கும் ரேடியோ அலையின் வலு 5 முதல் 10 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் அதிகம். இந்த அலை தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் இடையே மாறி மாறி மோதிக்கொண்டு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போகும். ஹெட்ஃபோனில் இது "டிக்", "சட்" என்று வெடிக்கும். பெயர் ஸ்ஃபெரிக். நூற்றுக்கணக்கில் சேர்ந்து வரும்போது, அடுப்பில் ஈர விறகு வெடிப்பது போல ஓயாமல் பொரியும்.

இரவில் சில வெடிப்புகள் மட்டும் கடைசியில் "ட்யூங்" என்று வளைந்து முடியும். அவை ட்வீக். இதை ஒரு சின்னக் கணக்கால் முழுமையாகப் புரிந்துகொள்ளலாம். இரவில் அயனிமண்டலத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து ஏறத்தாழ 88 கி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தரை ஒரு சுவர், அது ஒரு சுவர். நடுவே மோதி மோதிப் போகும் அலைக்கு அரை அலைநீளமாவது அந்த இடைவெளியில் அடங்க வேண்டும். ஆகவே மிக நீளமான அலைநீளம் 176 கி.மீ. ஒளியின் வேகமான 3,00,000-ஐ 176-ஆல் வகுத்தால் சுமார் 1,700 ஹெர்ட்ஸ் கிடைக்கிறது. அதற்குக் கீழே அந்த வழியில் போக முடியாது. அதற்குச் சற்று மேலே இருக்கும் அலைகள் முன்னேறுவதைவிட மேலும் கீழும் அலைவதிலேயே நேரத்தைச் செலவிட்டுத் தாமதமாக வந்து சேர்கின்றன. உயர்ந்த சுருதி முதலில், 1,700-ஐ நெருங்கும் சுருதி கடைசியில். அதுதான் காதில் வளைவாக விழுகிறது. அந்த வால் 1,800 ஹெர்ட்ஸில் நின்றால் கூரை 83 கி.மீ.க்கு இறங்கியிருக்கிறது என்று பொருள். பகலில் சூரிய ஒளி அயனிமண்டலத்தின் கீழ்ப்பகுதியைத் தடிக்க வைத்து அலையை உறிஞ்சிவிடுவதால் ட்வீக் கேட்காது.

இதுவரை சொன்னதெல்லாம் தரைக்கும் கூரைக்கும் நடுவே நடப்பது. மின்னல் எழுப்பிய அலையில் ஒரு பங்கு அந்தக் கூரையைத் துளைத்து மேலே போய்விடுகிறது. அங்கேதான் விசில் பிறக்கிறது.

விசிலை முதலில் கேட்டவர்கள் கருவி செய்து தேடிப் போனவர்கள் அல்ல. 1894 மார்ச் 30, 31 தேதிகளில் துருவ ஒளி பலமாகத் தெரிந்தபோது, பிரிட்டனில் தந்திக் கம்பிகளில் தொலைபேசிக் குழாயை வைத்துக் கேட்ட ஊழியர்களுக்கு விநோதமான ஒலிகள் கேட்டன. தபால் துறையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் பிரீஸ் அதைப் பதிவுசெய்தார். ஆம்ப்ளிஃபயரே கிடையாது. நீண்ட கம்பிதான் ஆண்டெனா, தொலைபேசிக் குழாய்தான் ஹெட்ஃபோன்.

அடுத்து முதல் உலகப் போர். எதிரி முகாமின் தொலைபேசிப் பேச்சு தரை வழியாகக் கசிவதை ஒட்டுக்கேட்க, ஜெர்மன் தரப்பில் தரையில் தொலைவிட்டு இரண்டு முனைகளை நட்டு, வால்வு ஆம்ப்ளிஃபயரை இணைத்துக் கேட்டார்கள். அந்த வேலையில் இருந்த இயற்பியலாளர் ஹைன்ரிக் பார்க்ஹவுசனுக்குச் சில சமயம் பேச்சையே மூழ்கடிக்கும் அளவுக்கு "பியூ" என்று இறங்கும் விசில் கேட்டது. "குண்டு பறக்கிறது கேட்கிறது" என்று வீரர்கள் சொல்லிக்கொண்டார்களாம். 1919-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். காரணம் அவருக்கு அப்போது பிடிபடவில்லை.

1935-ல் மார்க்கோனி நிறுவனத்தின் எக்கர்ஸ்லி ஒரு விதியைக் கண்டார். விசிலின் ஒவ்வொரு சுருதியும் வந்து சேரும் நேரம், அதன் அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. எண்ணில் பார்ப்போம். ஒரு விசிலுக்கான மாறிலி 60 என்று வையுங்கள். 10,000 ஹெர்ட்ஸின் வர்க்கமூலம் 100, ஆகவே அந்தச் சுருதி மின்னல் வெட்டி 0.6 நொடியில் வந்துவிடும். 2,500 ஹெர்ட்ஸின் வர்க்கமூலம் 50, அது 1.2 நொடியில் வரும். 1,600 ஹெர்ட்ஸ் 1.5 நொடியில். ஒரே கணத்தில் புறப்பட்ட சுருதிகள் இப்படி வரிசையாக வந்தால், உச்சத்தில் தொடங்கி இறங்கி, போகப் போக மெதுவாகத் தேயும் விசிலாகத்தான் கேட்கும். அந்த "60" என்ற எண்ணுக்குச் சிதறல் அளவு என்று பெயர். அலை எவ்வளவு தூரம், எவ்வளவு எலக்ட்ரான் கூட்டத்தின் நடுவே வந்தது என்ற கணக்கு முழுவதும் அந்த ஒரே எண்ணில் அடங்கிக் கிடக்கிறது.

அந்தக் கணக்கைப் படித்துக் காட்டியவர் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த ஓவன் ஸ்டோரி. 1953-ல் வெளியான அவருடைய ஆய்வை இந்தத் துறையின் மிக அழகான வேலை என்று நான் நினைக்கிறேன். விசில்களில் இரண்டு வகை இருப்பதை அவர் கவனித்தார். சிலவற்றுக்கு முன்னால் பலமான "டிக்" ஒன்று கேட்கும், சிலவற்றுக்குக் கேட்காது. டிக் வந்த விசில்களின் சிதறல் அளவு மற்றவற்றைப் போலச் சரியாக இரண்டு மடங்கு. அது மட்டுமல்ல, சில விசில்கள் எதிரொலி போலத் திரும்பத் திரும்ப வந்தன. டிக் வந்த தொடர்களில் அளவுகள் 2, 4, 6 என்ற விகிதத்திலும், டிக் இல்லாத தொடர்களில் 1, 3, 5 என்ற விகிதத்திலும் இருந்தன.

யோசித்துப் பாருங்கள். டிக் கேட்டால் மின்னல் நம் பக்கத்தில் வெட்டியிருக்கிறது. அந்த அலை எங்கோ போய், அங்கே மோதி, நம்மிடமே திரும்பியிருக்கிறது. போக ஒன்று, வர ஒன்று, ஆக இரண்டு. டிக் இல்லை என்றால் மின்னல் அந்தப் பக்கம் வெட்டியிருக்கிறது, அலை ஒரே நடையில் வந்திருக்கிறது. அந்தப் பக்கம் என்பது எது? பூமியின் காந்தப்புலக் கோடு ஒன்றைப் பிடித்துக்கொண்டு போனால் அது மேலே வளைந்து மறு அரைக்கோளத்தில் இறங்கும் இடம். இந்த வகை அலையின் ஆற்றல் காந்தக் கோட்டிலிருந்து 19 டிகிரி 29 நிமிடத்துக்கு மேல் விலகிப் போக முடியாது என்பதையும் ஸ்டோரி கணக்கிட்டுக் காட்டினார். வடக்கே கேட்கும் விசில், தெற்கே ஏதோ கடல் மேல் வெட்டிய மின்னல்.

சில வருடங்களிலேயே இது நேரடியாகச் சரிபார்க்கப்பட்டது. அலாஸ்காவின் உனலாஸ்காவும் நியூசிலாந்தின் டனீடினும் ஏறத்தாழ ஒரே காந்தக் கோட்டின் இரு முனைகள். இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் கேட்டபோது, ஒரே விசில் அங்கும் இங்கும் மாறி மாறி வந்தது. 1956-ல் முடிவு வெளியானது.

இதில் அன்றைக்கு யாரும் எதிர்பார்க்காத ஒன்றும் ஒளிந்திருந்தது. காந்தக் கோட்டின் வழியே போவதென்றால் அலை பல ஆயிரம் கி.மீ. உயரத்துக்குப் போக வேண்டும். அவ்வளவு தாமதம் ஆக வேண்டும் என்றால் அந்த உயரத்தில் ஒரு கன செ.மீ.க்குச் சில நூறு எலக்ட்ரான்களாவது இருக்க வேண்டும். அங்கே கிட்டத்தட்ட வெற்றிடம்தான் என்று எல்லோரும் நம்பியிருந்த காலம் அது. ஸ்புட்னிக் பறக்க இன்னும் நாலு வருடம் இருக்கிறது. தரையில் உட்கார்ந்து, ஒரு விசிலின் சரிவை அளந்து, விண்வெளியில் எலக்ட்ரான்களை எண்ணிவிட்டார் ஒரு மாணவர்.

அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ராபர்ட் ஹெலிவெல்லின் குழு, அன்டார்க்டிகா உள்பட்ட உலகின் பல மூலைகளில் டேப் ரெக்கார்டர்களை வைத்து விசில்களைச் சேர்த்தது. அதில் டொனால்ட் கார்பென்டர் 1963-ல் ஒரு விசித்திரத்தை வெளியிட்டார். பூமியிலிருந்து வெளியே போகப் போக எலக்ட்ரான் அடர்த்தி மெதுவாகக் குறைந்துகொண்டே வந்து, நாலைந்து பூமி ஆரத் தொலைவில் சடாரென்று பத்து மடங்கு, நூறு மடங்கு விழுகிறது. நிதானமான நாட்களில் அந்த எல்லை அங்கே இருக்கும், காந்தப் புயல் அடித்தால் இரண்டு மூன்று ஆரம் வரை உள்ளே சுருங்கும். எலக்ட்ரான்களும் அயனிகளும் கலந்த குளிர்ந்த வாயு, அதாவது பிளாஸ்மா, நிறைந்த அந்த உள்பகுதிக்குப் பிளாஸ்மாக்கோளம் என்று பெயர். சோவியத் லூனா விண்கலங்களின் தரவில் விஞ்ஞானி கிரிங்காவுஸும் இந்த வீழ்ச்சியைக் கண்டிருந்தார். கலத்தை அனுப்பி அளந்ததும், விசிலைக் கேட்டு அளந்ததும் ஒன்றாகவே வந்தன.

தூரத்தை மனதில் நிறுத்த ஒரு கணக்கு. காந்த அட்சரேகை (காந்தத் துருவங்களை வைத்துக் கணக்கிடும் அட்சரேகை) 60 டிகிரியில் தரையைத் தொடும் காந்தக் கோடு, பூமியின் நடுக்கோட்டுக்கு மேலே பூமி மையத்திலிருந்து நாலு ஆரம் தொலைவு வரை போகும். அந்த வில்லின் மொத்த நீளம் சுமார் 57,000 கி.மீ. வெற்றிடத்தில் ஒளி அதை 0.2 நொடியில் கடந்துவிடும். விசிலுக்கு ஒரு நொடிக்கு மேல் ஆகிறது. பிளாஸ்மா அந்த அலையை அவ்வளவு பிடித்து இழுக்கிறது.

இதுவரை மின்னலின் பங்கு. மின்னலே இல்லாமல் காந்தக்கோளமே எழுப்பும் ஒலிகளும் உண்டு. அவற்றில் தலையானது கோரஸ். விடியற்காலையில் தோப்பு முழுக்கப் பறவைகள் ஒன்றாகக் கத்துவது போலவே இருக்கும். ஒவ்வொரு "கீச்"சும் அரை நொடிக்கும் குறைவு, பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறும் சுருதி. நூற்றுக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டே வரும். விடியல் கோரஸ் என்று பெயர் வைத்தது ஒலியின் சாயலால். ஆனால் அது அதிகமாகக் கேட்பதும் விடியற்காலையிலிருந்து முற்பகல் வரைதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. காந்தப் புயலின்போது பூமியின் இரவுப் பக்கத்திலிருந்து சூடான எலக்ட்ரான்கள் உள்ளே தள்ளப்படுகின்றன. பூமியின் காந்தப்புலத்தில் எலக்ட்ரான்கள் கிழக்கு நோக்கியே நகரும். நள்ளிரவிலிருந்து கிழக்கே போனால் அடுத்து வருவது விடியல் பக்கம். அங்கே வந்து சேர்ந்த எலக்ட்ரான்கள்தான் பாடுகின்றன.

எப்படிப் பாடுகின்றன என்று பார்ப்போம். காந்தக் கோட்டைச் சுற்றி எலக்ட்ரான் திருகாணி போலச் சுழன்றுகொண்டே போகிறது. கோரஸ் அலையின் மின்புலமும் அதே திசையில் சுழல்கிறது. ராட்டினத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு வெளியே நிற்பவர் ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும் என்றால், அவரும் ராட்டினத்தோடு அதே வேகத்தில் சுற்றி ஓட வேண்டும். அப்போதுதான் கைக்குக் கை மாற்ற முடியும். எலக்ட்ரானும் அலையும் எதிரெதிராக வரும்போது, எலக்ட்ரானின் பார்வையில் அலையின் அதிர்வெண் கூடித் தெரியும். கூடிய அந்த அதிர்வெண் எலக்ட்ரானின் சுழற்சியோடு பொருந்திவிட்டால், இரண்டும் ஒன்றாகச் சுழன்று ஆற்றலைக் கைமாற்றிக்கொள்ளும். சுழலும் வேகம் அதிகமாகவும் கோட்டின் திசையில் போகும் வேகம் குறைவாகவும் உள்ள எலக்ட்ரான்கள் மிகுந்திருந்தால், ஆற்றல் அவற்றிலிருந்து அலைக்குப் போகும். அலை வளரும். வளர்ந்த அலை சில எலக்ட்ரான்களைப் பிடித்துக் கட்டாகச் சேர்க்கும், அந்தக் கட்டு அடுத்த சற்றே உயர்ந்த சுருதியை எழுப்பும். சுருதி ஏறுவது அதனால்தான். நடுக்கோட்டில் நாலு ஆரத் தொலைவில் எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 13,600 தடவை சுழல்கிறது. கோரஸ் பெரும்பாலும் அதில் பத்தில் ஒரு பங்குக்கும் பாதிக்கும் இடையே, அதாவது 1.4 முதல் 6.8 கிலோஹெர்ட்ஸுக்குள் எழுகிறது. நம் காது மிகக் கூர்மையாகக் கேட்கும் பகுதியும் அதுவே.

இதற்கு ஒரு சான்று, எனக்கு மிகவும் பிடித்தது, மோர்ஸ் குறியீட்டில் கிடைத்தது. கடற்படையின் வி.எல்.எஃப் நிலையங்கள் மோர்ஸில் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், மறு அரைக்கோளத்தில் கேட்டவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். மோர்ஸின் நீண்ட கோடுகளுக்குப் பின்னால் விண்வெளியிலிருந்து புதிதாக ஒரு சுருதி கிளம்பி ஏறியது. குட்டைப் புள்ளிகளுக்குப் பின்னால் அநேகமாகக் கிளம்பவில்லை. கோடு சுமார் 150 மில்லிநொடி, புள்ளி 50 மில்லிநொடி. எலக்ட்ரான்களைக் கட்டாகச் சேர்க்க அலைக்குக் கொஞ்ச நேரம் வேண்டும், புள்ளி அதற்குள் முடிந்துபோகிறது. ஹெலிவெல் இதை விடாமல் பின்தொடர்ந்தார். 1973-ல் அன்டார்க்டிகாவின் சைப்பிள் நிலையத்தில் பனியின் மேல் 21 கி.மீ. நீள ஆண்டெனாவை விரித்து, காந்தக்கோளத்துக்குள்ளேயே சமிக்ஞை அனுப்பினார்கள். கனடாவின் ரோபர்வாலில் அதைக் கேட்டார்கள். போன சமிக்ஞை வழியில் 30 டெசிபெல், அதாவது ஆயிரம் மடங்கு சக்தி பெருகி, தன் பங்குக்குப் புதுச் சுருதிகளையும் எழுப்பிக்கொண்டு வந்து சேர்ந்தது. 1988 வரை அந்த நிலையம் நடந்தது.

கோரஸ் கேட்க இனிமையானது என்பதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பூமியைச் சுற்றி, காந்தப்புலத்தில் சிக்கிய வேகமான துகள்கள் நிறைந்த வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் இருக்கின்றன. வெளிப்பட்டையில் ஒளிவேகத்தை நெருங்கும் எலக்ட்ரான்கள் செயற்கைக்கோள்களின் உள்ளே புகுந்து மின்சுற்றுகளைக் கெடுக்கும். அவ்வளவு ஆற்றல் அவற்றுக்கு எங்கிருந்து வந்தது என்பது பல பத்தாண்டுக் கேள்வி. 2012 ஆகஸ்ட் 30 அன்று நாசா இரண்டு வான் ஆலன் கலங்களை ஏவியது. அதே வருடம் அக்டோபரில் வந்த காந்தப் புயலின் தரவைக் கொண்டு, கோரஸ் அலைகளே எலக்ட்ரான்களை அங்கேயே வைத்து முடுக்குகின்றன என்று 2013-ல் காட்டினார்கள். குறைந்த ஆற்றல் எலக்ட்ரான்கள் அலைக்குக் கொடுக்கின்றன, அலை அதை ஏற்கெனவே வேகமான எலக்ட்ரான்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஹெட்ஃபோனில் நாம் கேட்கும் அந்தக் கீச்சொலிதான் அங்கே முடுக்கி இயந்திரம்.

கோரஸ் சில எலக்ட்ரான்களைக் கோட்டின் வழியே வளிமண்டலத்துக்குள்ளும் தள்ளிவிடும். விட்டு விட்டு ஒளிரும் துடிக்கும் துருவ ஒளி அப்படி உண்டாவது. ஜப்பானின் அராசே செயற்கைக்கோள் மேலே கோரஸையும் தள்ளப்படும் எலக்ட்ரான்களையும் ஒரே நேரத்தில் அளந்தது, அதே கோட்டின் அடியில் தரைக் கேமரா துடிப்பைப் படம்பிடித்தது. 2018-ல் முடிவு வந்தது. 2025 தொடக்கத்தில் வெளியான இன்னொரு ஆய்வு, காந்தப்புலம் வால் போல இழுபட்டுக் கிடக்கும் 1,60,000 கி.மீ.க்கும் அப்பாலும் கோரஸ் எழுவதைக் காட்டியது. அவ்வளவு தொலைவில் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை.

கோரஸ் பிளாஸ்மாக்கோளத்துக்குள் கசிந்து, அங்கே எதிரொலித்து எதிரொலித்துச் சுருதி கலைந்து, "ஸ்ஸ்ஸ்" என்ற இரைச்சலாக மாறுவதும் உண்டு. பெயர் ஹிஸ். கேட்க ஒன்றும் இருக்காது, ஆனால் உள்பட்டைக்கும் வெளிப்பட்டைக்கும் நடுவே எலக்ட்ரான்களைத் துடைத்து எடுத்து ஓர் இடைவெளியைக் காத்துவருவது இந்த இரைச்சல்தான்.

விசில் பூமிக்கு மட்டும் உரியது அல்ல. 1979-ல் வாயேஜர் 1 வியாழனில் விசிலைக் கேட்டது. அங்கே மின்னல் வெட்டுகிறது என்பதற்கு அது வலுவான சான்றானது.

இனி, நாமே கேட்பது எப்படி? இதற்கான ரிசீவர் மிக எளிது. ஒன்று இரண்டு மீட்டர் நீளமுள்ள கம்பி, நுழைவில் ஒரு எஃப்.இ.டி. டிரான்சிஸ்டர், வானொலி நிலையங்கள் உள்ளே வராமல் இருக்க ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும், அப்புறம் ஒரு சாதாரண ஆடியோ ஆம்ப்ளிஃபயர். பேட்டரியில்தான் ஓட வேண்டும். சுவர் மின்சாரத்தில் போட்டால் எல்லாம் வீண்.

கஷ்டம் ரிசீவரில் இல்லை, இடத்தில் இருக்கிறது. மின்கம்பிகளின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் இரைச்சலும் அதன் மடங்குகளும் எல்லாவற்றையும் மூடிவிடும். மின்கம்பியிலிருந்து ஒரு கி.மீ.யாவது விலகித் திறந்த வெளிக்குப் போங்கள். மரத்தடி வேண்டாம், மரம் மின்புலத்தை மறைத்துவிடும். நான் முதல் தடவை போனபோது நொடிக்கு ஒரு தடவை தவறாமல் "டிக்" கேட்டுக்கொண்டே இருந்தது. ஏதோ பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நெஞ்சு படபடத்தது. கையில் கட்டியிருந்த குவார்ட்ஸ் கடிகாரம் அது. கழற்றித் தள்ளி வைத்ததும் நின்றது. ஆண்டெனா பக்கத்தில் பறக்கும் பூச்சியின் ரீங்காரம்கூடக் கேட்கும், சிறகில் மின்னூட்டம் இருப்பதால்.

எதைக் கேட்கலாம் என்பது நீங்கள் இருக்கும் அட்சரேகையைப் பொறுத்தது. ஸ்ஃபெரிக் எங்கும் எப்போதும் உண்டு, ட்வீக் எங்கும் இரவில் உண்டு. விசிலுக்கு நல்ல இடம் காந்த அட்சரேகை 45 முதல் 60 டிகிரி. நடுக்கோட்டுக்கு அருகே, 10 டிகிரியில் தரையைத் தொடும் காந்தக் கோடு 200 கி.மீ. உயரத்தைத்தான் எட்டும். விசிலுக்கு வேண்டிய நீண்ட பாதை அங்கே கிடையாது. கோரஸுக்கு இன்னும் உயர்ந்த அட்சரேகையும், கொஞ்சம் கலங்கிய காந்தப்புலமும், விடியற்காலையும் வேண்டும். நடுக்கோட்டுப் பக்கம் இருப்பவர்கள் இணையத்தில் நேரலையாக ஓடும் ரிசீவர்களில் கோரஸைக் கேட்கலாம். ட்வீக்கை மட்டும் தாங்களே வெளியில் போய்க் கேட்க வேண்டும் என்பேன். வெப்பமண்டல மின்னல் அவர்கள் பக்கம்தான் அதிகம்.

பதிவுசெய்ததை ஸ்பெக்ட்ரோகிராமாக, அதாவது நேரத்தோடு சுருதி மாறுவதைக் காட்டும் படமாகப் போட்டுப் பாருங்கள், இலவச மென்பொருளே போதும். ஸ்ஃபெரிக் நெட்டுக் கோடாக நிற்கும், ட்வீக் அடியில் கொக்கியாக வளையும், விசில் அரிவாள் போல இறங்கும். விசில் ஒன்று கிடைத்தால் அதற்கு ஓரிரு நொடி முன்னால் மற்றவற்றைவிடத் தடித்த ஸ்ஃபெரிக் ஒன்று நிற்கிறதா என்று தேடுங்கள். நின்றால், அதிலிருந்து 2,500 ஹெர்ட்ஸ் புள்ளி வரை எத்தனை நொடி என்று அளந்து, ஐம்பதால் பெருக்குங்கள். வருவது சிதறல் அளவு. நிற்கவில்லை என்றால் மின்னல் வெட்டியது பூமியின் மறு பாதியில்.